வேர் நோயும் வீட்டு வலையும்

கூரை ஒன்றாயின் வீடும் ஒன்று என்பது பொதுவான எண்ணம். ஆயினும் அந்த ஒரு கூரையின் கீழ் அடுக்களை வேறு, பூசையறை வேறு, படுக்கையறை வேறு, வந்தோர் அமரும் கூடம் வேறு. அஞ்சல்காரர் வாசலோடு நின்றுவிடுவார். அண்டை வீட்டார் அஞ்சடியில் அமர்ந்து பேசிச் செல்வர். உறவினர் அடுக்களை வரை உரிமையோடு நுழைவர். நகையும் பத்திரமும் இருக்கும் அலமாரியின் சாவியோ வீட்டுத் தலைவியின் முந்தானையை விட்டு நீங்காது. இவ்வெல்லைகளை எவரும் பலகையில் எழுதித் தொங்கவிடுவதில்லை. எழுதாமலே எல்லாரும் அறிவர், அறிந்தபடியே நடப்பர்.

செங்கல்லாலும் சிமெந்தாலும் ஆன வீட்டில் இவ்வளவு நுட்பமாக எல்லை வகுத்து வாழும் மனிதர், கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு வீட்டில் எல்லை என்பதே இன்றி வாழ்கின்றனர். வைஃபை எனப்படும் கம்பியில்லா வலையே அந்த வீடு. ஈப்போவின் புறநகரில் உள்ள எந்தத் தாமானுக்குள் நுழைந்து பார்த்தாலும் இது விளங்கும். ஓர் இரட்டைமாடி வீட்டில் தந்தையின் கைப்பேசி, தாயின் மடிக்கணினி, பிள்ளைகளின் பாடக் கருவிகள், தொலைக்காட்சி, வாசற் கண்காணிப்புக் கருவி, குளிர்சாதனப் பெட்டி, அச்சுப்பொறி என எத்தனையோ பொருள்கள் ஒரே வலையில், ஒரே கடவுச்சொல்லின் கீழ் வாழ்கின்றன. ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கும் கைப்பேசியும், எங்கோ செய்யப்பட்டு மலிவு விலையில் வாங்கப்பட்ட மின்விளக்கும் அங்கே ஒரே பாயில் படுத்து உறங்குகின்றன. விருந்துக்கு வந்த உறவினர் முதலில் தண்ணீர் கேட்ட காலம் மாறி, கடவுச்சொல் கேட்கும் காலம் வந்துவிட்டது. கொடுத்த கடவுச்சொல் கொடுத்ததுதான். அவர் விடைபெற்றுச் சென்றாலும் அது அவரை விட்டுச் செல்வதில்லை.

இதனால் என்ன கேடு விளையும் என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு அதற்கு விடை தந்தது. மிராய் என்று பெயரிடப்பட்ட ஒரு தீய நிரல் அவ்வாண்டு உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கண்காணிப்புக் கருவிகளையும், காட்சிப் பதிவுப் பெட்டிகளையும், திசைவிகளையும் தேடிச் சென்றது. அதன் கையில் இருந்த ஆயுதம் பெரிதன்று. தொழிற்சாலையில் இட்டு அனுப்பிய பெயரும் கடவுச்சொல்லுமாக 60க்கும் மேற்பட்ட இணைகள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவே. வாங்கியவர்கள் அவற்றை மாற்றாமல் விட்டிருந்ததால் பல இலட்சம் கருவிகள் அதற்கு அடிமையாயின. 2016 அக்டோபர் 21ஆம் நாள் அவ்வகைக் கருவிகளின் படை, இணைய முகவரிகளைக் காட்டித் தரும் டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது ஏவப்பட்டது. அன்றைய ட்விட்டர், நெட்ஃபிலிக்ஸ் உள்ளிட்ட பெருந்தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் கிட்டாமற் போயின. இதனைப் படைத்தவர்கள் என்று பிடிபட்டு 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவரும் இளைஞர்கள். ஒருவர் வீட்டு வாசலில் காவலுக்கு வைத்த கருவி, அவர் அறியாமலே ஊரைக் கொள்ளையிடப் போய் வந்திருக்கிறது. ஊருக்குப் போகும் கருவி வீட்டுக்குள்ளும் உலவாது என்பதற்கு என்ன உறுதி? 2019 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் போர்ட்லந்து அலுவலகம் பொதுமக்களுக்கு விடுத்த அறிவுரையில், குளிர்ப்பெட்டியும் மடிக்கணினியும் ஒரே வலையில் இருத்தலாகாது என்று அறிவுறுத்தியது இக்காரணம் பற்றியே ஆகும்.

வலைக்குள் பேச்சு நிகழும் முறையை அறிந்துகொண்டால் பிரிவினையின் தேவையும் புரியும். தோட்டத்து வாழ்வை அறிந்தவர்களுக்கு இது கடினமான பாடமன்று. விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். கிராணி செக்ரோலைக் கையில் ஏந்தி ஒவ்வொரு பெயராக அழைப்பார். அழைக்கப்படும் பெயர் எல்லார் காதிலும் விழும். பெயருக்கு உரியவர் மட்டுமே குரல் கொடுப்பார். 1973இல் ராபர்ட் மெட்காஃப் அமெரிக்காவின் சிராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் வகுத்த ஈதர்நெட் என்னும் முறையும் இத்தகையதே. ஒரே கம்பியில் எல்லாக் கணினிகளும் இணைந்திருக்கும். ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். உரியது மட்டும் ஏற்றுக்கொள்ளும். இன்றைய கருவிகள் பெரும்பாலான செய்திகளை உரியவரிடம் மட்டுமே சேர்க்கின்றன. எனினும் 'இந்த முகவரிக்கு உரியவர் யார்?' என்ற அழைப்பு இன்றும் வலையில் உள்ள அனைவர் காதிலும் விழத்தான் செய்கிறது. அந்த அழைப்புக்குப் பொய்யான ஒருவன் 'நானே' என்று குரல் கொடுத்துவிட்டால், உரியவருக்குப் போக வேண்டியது அவனிடம் போய்ச் சேரும்.

பெரிய தோட்டங்களில் எல்லா ஆட்களையும் ஒரே களத்தில் நிறுத்திப் பிரட்டு எடுப்பது இயலாத செயல். ஆகவே தோட்டத்தை டிவிஷன்களாகப் பகுத்தனர். தோட்டம் ஒன்று, துரை ஒருவர், கணக்கு ஒன்று. ஆயினும் டிவிஷனுக்கு ஒரு பிரட்டுக்களம், டிவிஷனுக்கு ஒரு செக்ரோல். ஒரு டிவிஷனில் அழைக்கும் பெயர் மற்றொரு டிவிஷனில் கேட்காது. கணினி உலகமும் 1980களில் இதே இடர்ப்பாட்டில் சிக்கியது. ஈதர்நெட் வலைகள் ஒன்றோடொன்று இணைந்து பெருகியபோது அழைப்பொலியே பேரிரைச்சலாயிற்று. பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் சின்கோஸ்கி அதற்குத் தீர்வு தேடியவர்களுள் முதன்மையானவர். செய்திகளுக்கு ஓர் அடையாளம் இட்டு, ஒரே கம்பியில் பல வலைகளைத் தனித்தனியே நடத்தலாம் என்னும் கருத்து அம்முயற்சியில் பிறந்தது. 1998இல் அது அனைத்துலகப் பொறியாளர் கழகத்தின் 802.1கியூ என்னும் தரநெறியாக வெளிவந்தது. வி-லேன் என்று சுருக்கமாக வழங்கும் மெய்நிகர் உள்வலை இதுவே.

அதன் நுட்பம் வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. வலையில் செல்லும் ஒவ்வொரு செய்திப் பொதியின் முகப்பிலும் 4 பைட்டு அளவில் ஒரு முத்திரை சேர்க்கப்படும். அம்முத்திரையில் 12 பிட்டு இடம் எண்ணுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அதனால் 0 முதல் 4095 வரை எண்கள் அமையும். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய 4094 எண்களைப் பயன்படுத்தலாம். 10 என்ற முத்திரை தாங்கிய பொதி 10ஆம் வலையைச் சேர்ந்தது. 20 என்ற முத்திரை தாங்கியது 20ஆம் வலையைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே கம்பியில் பயணம் செய்தாலும் ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழாது.

இம்முத்திரை மலேசிய இல்லங்களுக்குப் புதிய விருந்தாளியும் அன்று. 2008 செப்டம்பரில் அரசாங்கமும் தெலிகோம் மலேசியாவும் அதிவேக அகன்ற அலைவரிசைத் திட்டத்துக்கு உடன்படிக்கை செய்துகொண்டன. 2010 மார்ச்சில் யுனிஃபை சேவை தொடங்கியது. ஒளியிழை ஒன்றுதான் வீட்டுக்குள் வருகிறது. ஆனால் அதற்குள் இணையம் 500 என்ற முத்திரையோடும், தொலைக்காட்சி 600 என்ற முத்திரையோடும் வந்தன. சொந்தமாகத் திசைவி வாங்கிப் பொருத்தியவர்கள், 500 என்ற எண்ணை இடாமல் இணையம் கிட்டாது என்பதைப் பட்டறிந்தனர். பெயரறியாமலே வி-லேனோடு குடியிருந்த இல்லங்கள் இந்நாட்டில் ஏராளம். தெருவிலிருந்து வாசல் வரை பிரிந்து வந்த வழிகள், வாசலைத் தாண்டியதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குறை அங்கேதான் தொடங்குகிறது.

ஈப்போவில் ஒரு குடும்பம் இக்குறையை எதிர்கொண்ட விதம் சொல்லத்தக்கது. மூன்று தலைமுறை வாழும் வீடு அது. பாட்டி சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறிச் செம்பனையாகி, லயங்கள் இடிக்கப்பட்டபின் மகனோடு நகருக்கு வந்தவர். மருமகள் சிறு கடைகளுக்குக் கணக்கெழுதும் பணியை வீட்டிலிருந்தே செய்கிறார். பிறர் வரவு செலவும் சம்பளப் பட்டியலும் அவர் மடிக்கணினியில் அடங்கியுள்ளன. அவரே மாலை வேளைகளில் அண்டை வீட்டுப் பிள்ளைகளை அஞ்சடியில் அமர்த்திப் பாடமும் சொல்லித் தருகிறார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது தொடங்கிய பழக்கம் அது. இணைய வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தந்தையின் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு இவ்வீட்டு வாசலுக்கு வந்தனர். கடவுச்சொல் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு திங்களில் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

கல்லூரியில் கணினி பயிலும் பேத்தி ஒருநாள் திசைவியின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். வீட்டாரின் கருவிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்க, பெயர் தெரியாத கைப்பேசிகள் அதனினும் பலவாக இருந்தன. அவற்றிடையே அம்மாவின் கணக்கு மடிக்கணினி. அருகிலேயே வாசற் கண்காணிப்புக் கருவி. வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லோடு. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு எவருக்கும் கொடாதிருப்பதே எளிய வழி என்று மகன் சொன்னார். "அப்படின்னா அந்தப் பிள்ளைங்க எங்க போய்ப் படிக்கும்?" என்று மருமகள் கேட்டார். கேள்வி நியாயமானது. பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த கணக்கைக் காப்பதும் கடமை. படிக்க வந்த பிள்ளையை வெளியே நிறுத்தாதிருப்பதும் கடமை. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிட வேண்டுமா?

வலையை மூன்றாகப் பிரிக்கலாம் என்று பேத்தி கூறினாள். அப்போது மறுப்புச் சொன்னவர் பாட்டி. "வீட்டுக்குள்ளயே வேலி போடுறியா கண்ணு? வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன ஆளுங்க நாங்க" என்றார்.

அச்சொல்லின் பின்னே ஒரு வரலாறு உண்டு. குன்றின் மேல் துரையின் பங்களா, இடையில் கிராணிமாரின் வீடுகள், பள்ளத்தில் லயங்கள். தோட்டத்தின் அமைப்பே மனிதரைத் தரம் பிரித்த படிக்கட்டாக இருந்தது. லயத்துப் பிள்ளை பங்களாத் தோட்டத்துக்குள் கால் வைக்க இயலாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளியும் தோட்ட எல்லைக்குள்ளேயே அடங்கியது. அதைத் தாண்டிச் செல்லும் வழி பலருக்குத் திறக்கவில்லை. அவ்வாறு பிரிக்கப்பட்டு வாழ்ந்த ஒரு தலைமுறைக்குப் பிரிவினை என்னும் சொல்லே கசப்பது இயல்பு.

பேத்தி பாட்டியின் மறுப்பை அலட்சியம் செய்யவில்லை. "பாட்டி, காட்டுல ஒரு மரத்துக்கு நோய் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். பாட்டி சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, வெள்ளை வேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

இரப்பர் இந்நாட்டுக்கு வந்த வரலாறு பேராவோடு பிணைந்தது. தென்னமெரிக்கக் காட்டு வித்திலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிற் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே காட்சிப் பொருளாக நிற்கிறது. காட்டை அழித்து இரப்பரை நட்டபோது அழிக்கப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் எஞ்சின. அக்கட்டைகளில் குடியிருந்த ஒரு பூசணம் வேரோடு வேராகப் பரவி இரப்பர் மரங்களைத் தாக்கிற்று. வேரின் மேல் வெண்ணூல் போலப் படர்வதால் அதற்கு வெள்ளை வேர் நோய் என்று பெயர். 1925இல் அமைக்கப்பட்ட இரப்பர் ஆய்வுக் கழகம் நெடுங்காலம் ஆராய்ந்த நோய்களுள் இதுவும் ஒன்று. இலை பசுமையாக இருக்கும்போதே வேர் அழுகத் தொடங்கிவிடும்; இலை மஞ்சளிக்கும்போது மரத்தைக் காக்கும் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். அடுத்த மரத்தைக் காப்பதற்கு ஒரு வழி, நோயுற்ற இடத்தைச் சுற்றி ஆழமாகக் கால்வாய் வெட்டி, ஒரு மரத்தின் வேர் மற்றொன்றின் வேரைத் தொடாமற் செய்வதாகும்.

"வாய்க்கா வெட்டுறது மரத்த ஒதுக்குறதுக்கு இல்ல கண்ணு. பக்கத்து மரம் பொழைக்கணும்ல" என்றார் பாட்டி. பிறகு அவரே மேலும் ஒன்றைச் சொன்னார்: வெட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது, சருகும் மண்ணும் விழுந்து தூர்ந்துவிட்டால் வேர் அதன் வழியே மறுகரை சேர்ந்துவிடும், ஆகவே அவ்வப்போது தூர் எடுக்க வேண்டும். நூல்கள் நீட்டி முழக்கும் பாடத்தைப் பாட்டி இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். தயாரிப்பாளரே கைவிட்டுவிட்ட பழைய கண்காணிப்புக் கருவி, மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கட்டைக்கு ஒப்பானது. பார்வைக்கு அது பேசாமல் கிடக்கும். நோய் அதற்குள் உயிரோடு இருக்கும்.

அதன்பின் வேலை தொடங்கியது. முதலிற் செய்தது கணக்கெடுப்பு. வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, எது எவரோடு பேச வேண்டும் என்று குறித்தனர். அவ்வாறு குறித்தபோதே வலைகள் தாமாகப் பிரிந்துவிட்டன. குடும்பத்தார் கணினியும் கைப்பேசியும் 10ஆம் வலை. தொலைக்காட்சி, கண்காணிப்புக் கருவி, குளிர்சாதனம், அச்சுப்பொறி ஆகியன 20ஆம் வலை. அஞ்சடிப் பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் 30ஆம் வலை. எண்ணுக்குத் தனிப் பொருள் ஏதுமில்லை. நினைவில் நிற்க எளிதாக இருப்பின் போதும்.

அடுத்துக் கருவிகள். முத்திரையைப் புரிந்துகொள்ளும் திசைவி ஒன்று, பல வலைப்பெயர்களை ஒலிபரப்ப வல்ல அணுகுமுனை ஒன்று, இரண்டுக்கும் இடையே முத்திரை அறிந்த ஸ்விட்ச் பெட்டி ஒன்று ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதும் உண்டு. முத்திரை அறியாத மலிவான ஸ்விட்ச் பெட்டியை இடையில் வைத்தல் ஆகாது; அது முத்திரையிட்ட பொதியைக் கைவிடவும் கூடும், இன்னார் இனியார் என்று பாராமல் எல்லா வாயிலுக்கும் அனுப்பவும் கூடும். திசைவிக்கும் அணுகுமுனைக்கும் இடைப்பட்ட கம்பி மூன்று வலைகளையும் முத்திரையோடு சுமந்து செல்லும் நெடுஞ்சாலை. தொலைக்காட்சி போன்ற ஒற்றைக் கருவி செருகப்படும் வாயிலோ ஒரே வலைக்கு உரிய சந்து. அங்கே முத்திரை களையப்பட்டுவிடும்.

காற்றில் முத்திரை செல்வதில்லை என்பதையும் இங்கே அறிதல் வேண்டும். கம்பியில்லா வழியில் வலைப்பெயரே அடையாளம். அணுகுமுனை மூன்று பெயர்களை ஒலிபரப்பும். ஒவ்வொரு பெயருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. எந்தப் பெயரின் வழியே பொதி நுழைந்ததோ அதற்குரிய எண்ணை, கம்பியில் ஏற்றும்போது அணுகுமுனை முத்திரையாக இடும். பயனாளர் அறிய வேண்டியது வலைப்பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே.

வலை மூன்றாயினபின் முகவரியும் மூன்று வகையாக வேண்டும். 10ஆம் வலைக்கு 192.168.10 என்றும், 20ஆம் வலைக்கு 192.168.20 என்றும், 30ஆம் வலைக்கு 192.168.30 என்றும் தொடங்கும் முகவரிகளைத் திசைவி வழங்குமாறு செய்தனர். பலர் இவ்விடத்தில் வேலை முடிந்ததாகக் கருதிக் கைகழுவி விடுகின்றனர். அதுவே பெரும் பிழை. வலைகளைப் பிரித்துவிட்டாலும் அவற்றிடையே பொதிகளைக் கடத்தி விடுவது திசைவியின் இயல்பான தொழில்; தடுத்துச் சொல்லாவிடில் பல திசைவிகள் அத்தொழிலைச் செவ்வனே செய்துகொண்டிருக்கும். சுவர் எழுப்பிக் கதவைத் திறந்து வைத்தது போன்ற நிலை அது. தடுப்பரண் விதிகள் எழுதப்படும்போதுதான் கதவு சாத்தப்படுகிறது.

அவர்கள் எழுதிய விதிகள் நான்கு. குடும்ப வலை, பொருள் வலையோடு பேச்சைத் தொடங்கலாம். தொடங்கிய பேச்சுக்கு மறுமொழி திரும்பி வரலாம். பொருள் வலை, குடும்ப வலையோடு தானாகப் பேச்சைத் தொடங்கலாகாது. விருந்தினர் வலை இணையத்துக்கு மட்டுமே செல்லலாம். அவ்வலைக்குள்ளும் ஒரு கருவி மற்றொரு கருவியைக் காணலாகாது. திசைவியின் ஆட்சிப் பக்கத்தைக் குடும்ப வலையிலிருந்து மட்டுமே திறக்கலாம். இந்நான்கும் எழுதி முடிந்ததும் பேத்தி ஒவ்வொரு வலையிலும் தன் கைப்பேசியை இணைத்து, மற்ற வலைகளின் கருவிகளை எட்ட முடிகிறதா என்று சோதித்தாள். பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவரே பூட்டியவர்.

புதிய ஒழுங்கு சில தொல்லைகளையும் கொண்டுவந்தது. கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படத்தை அனுப்ப முயன்றபோது தொலைக்காட்சி தென்படவில்லை. கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க எழுப்பும் அழைப்பு, ஒரு டிவிஷனின் பிரட்டொலி போல அவ்வலைக்குள்ளேயே அடங்கிவிடுவதே காரணம். அவ்வகை அழைப்பை மட்டும் ஒரு வலையிலிருந்து மற்றொன்றுக்கு எதிரொலிக்கச் செய்யும் வசதி பல திசைவிகளில் உண்டு. அதனைத் திறந்ததும் தொல்லை தீர்ந்தது. பிரிப்பதில் ஆர்வம் மிகுந்து, ஆளுக்கொரு வலைப்பெயர் என்று வைக்கவும் மகன் விரும்பினார். அதைப் பேத்தி தடுத்தாள். ஒவ்வொரு வலைப்பெயரும் தன்னை நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். பெயர்கள் பெருகப் பெருக அவ்வறிவிப்புகளே அலைவெளியை அடைத்துக்கொள்ளும். மூன்று அல்லது நான்கு பெயர்கள் ஒரு வீட்டுக்குப் போதுமானவை.

இவ்வளவு கருவியும் உழைப்பும் எல்லா வீட்டுக்கும் இயலுமா? இயலாதார்க்கும் வழி உண்டு. இன்றைய சாதாரணத் திசைவிகள் பலவற்றில் விருந்தினர் வலை என்ற பகுதி முன்னரே அமைந்துள்ளது. அதைத் திறந்து, விருந்தினரையும் மலிவான கருவிகளையும் அதில் சேர்த்து, குடும்பக் கருவிகளை முதன்மை வலையில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆயினும் அத்திசைவி வேறொரு திசைவியின் பின்னே வெறும் அணுகுமுனையாக இயங்குமானால், சில கருவிகளில் இப்பிரிவினை செயற்படாது. சோதித்துப் பார்த்தே நம்புதல் வேண்டும். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுவதற்கும், கருவியின் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கும், பொத்தானை அழுத்தி இணைக்கும் வசதியை மூடி வைப்பதற்கும் செலவு ஏதும் இல்லை.

கால்வாய் வெட்டினால் வேர்வழி வரும் நோய் தடைப்படும். காற்றுவழி வரும் நோய் தடைப்படாது. வி-லேனுக்கும் இவ்வரம்பு உண்டு. காவல்துறை அதிகாரி என்றும் வங்கி அலுவலர் என்றும் பொய்யுரைத்துத் தொலைபேசியில் மிரட்டுபவனை எந்த முத்திரையும் தடுக்காது. சேமநிதியில் ஆயுள் உழைப்பைச் சேர்த்து வைத்திருக்கும் முதியவர் தம் வாயாலேயே இரகசிய எண்ணைச் சொல்லிவிட்டால், வலை எத்தனையாகப் பிரிந்திருந்தும் பயனில்லை. அத்தகைய மோசடிக்கு ஆளானவர் காலந்தாழ்த்தாது அழைப்பதற்கென 2022இல் தேசிய மோசடி மறுமொழி மையம் 997 என்ற எண்ணோடு தொடங்கப்பட்டது. அவ்வெண்ணைப் பாட்டியின் கைப்பேசியில் பேத்தி பதிந்து வைத்தாள். அவர் எளிதிற் காணும்படி பெரிய எழுத்தில் எழுதி, பூசையறைக் கதவுக்கு அருகிலும் ஒட்டி வைத்தாள்.

பிரிவினை எல்லாம் ஒன்றன்று என்பதே இதனால் பெறப்படும் கருத்து. பங்களாவையும் லயத்தையும் பிரித்த கோடு, மனிதரின் பிறப்பையும் நிறத்தையும் பார்த்து வரையப்பட்டது. அதைத் தாண்டும் உரிமை கீழே நின்றவருக்கு இல்லை. வீட்டு வலையைப் பிரிக்கும் கோடு, கருவியின் தொழிலைப் பார்த்து வரையப்படுவது. தேவை மாறினால் கோடும் மாறும். மேலும் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்துக் கோடு தள்ளி வைப்பதற்கே உதவியது. இந்த வீட்டிலோ கோடு வரைந்தபின்தான் அண்டை வீட்டுப் பிள்ளைகளை அச்சமின்றி அழைக்க முடிந்தது. முன்பு கடவுச்சொல்லைத் தயங்கித் தயங்கிச் சொன்ன மருமகள், இன்று 30ஆம் வலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஓர் அட்டையில் எழுதி அஞ்சடிச் சுவரிலேயே தொங்கவிட்டிருக்கிறார். கணக்கு மடிக்கணினி உள்ளே 10ஆம் வலையில் இருக்கிறது. பாடம் வெளியே நடக்கிறது.

பேராவில் இன்னும் நல்ல இணைப்பு எட்டாத பழந்தோட்டக் குடியிருப்புகள் உண்டு. அங்குள்ள பிள்ளைக்கு வலையைப் பிரிப்பது பற்றிய பேச்சு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். வலையே இல்லாதவருக்கு வேலி எதற்கு? ஆயினும் இணைப்பு ஒருநாள் அங்கும் வந்தே தீரும். வரும்போது மலிவான கருவிகளும் உடன் வரும். பட்டணத்து வீடுகள் பல ஆண்டுகள் கழித்துக் கற்ற பாடத்தை அவர்கள் முதல் நாளிலேயே அறிந்திருந்தால் நன்று. அவ்வறிவைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு, கணினி பயின்று நகரில் வாழும் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளுடையது. ஊருக்குச் செல்லும் விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வீட்டின் கடவுச்சொற்களை மாற்றி, விருந்தினர் வலையைத் திறந்து, பழுதான பழங்கருவியைக் கழற்றி வைத்துவிடலாம்.

செய்து முடித்தபின் பாட்டி சொன்ன இரண்டாம் வாக்கியத்தை மறக்கலாகாது. பள்ளித் தவணைக்கு ஒருமுறையேனும் திசைவியின் பட்டியலைத் திறந்து, அறியாத கருவி எதுவும் புகுந்துள்ளதா என்று பார்த்து, விருந்தினர் கடவுச்சொல்லை மாற்றி, விதிகளைச் சோதித்தல் வேண்டும். கால்வாயில் சருகு விழுந்துகொண்டேதான் இருக்கும்.